படிக்கும் குரலுக்கு ஓர் அறம்

(வடலூரில் தமிழன்பர்கள் கூடிய அரங்கொன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



வடலூர் மண்ணில் நின்று தமிழைப் பற்றிப் பேசுகின்ற எவர்க்கும் பல்லாவரத்துத் தோட்டமொன்று நினைவுக்கு வாராமற் போகாது. ஆண்டு 1916. சுவாமி வேதாசலம் என்னும் பெயருடைய பேரறிஞர் ஒருவர் தம் மகள் நீலாம்பிகையோடு அத்தோட்டத்தில் உலவிக்கொண்டிருக்கிறார். வள்ளலாரின் பாட்டொன்று அவர் வாயில் எழுகின்றது. பாடி வருகையில் ‘தேகம்’ என்னும் ஒரு சொல் வருகின்றது. பாட்டு நிற்கின்றது. இவ்விடத்தில் ‘யாக்கை’ என்னும் தமிழ்ச்சொல் அமைந்திருந்தால் இன்னும் எத்துணை இனிமையாக இருந்திருக்கும் என்று தந்தை மகளிடம் சொல்கிறார். அந்த ஒரு சொல்லிலிருந்து கிளைத்ததுதான் தனித்தமிழ் இயக்கம். வேதாசலம் மறைமலை ஆனார்.

இந்நிகழ்ச்சியை அறியாத தமிழன்பர் இவ்வரங்கில் ஒருவரும் இரார். ஆயினும் அதனுள் அடங்கிய இரண்டு செய்திகள் பெரும்பாலும் எடுத்துரைக்கப்படுவதில்லை. ஒன்று, அந்தச் சொல் அடிகளாரின் கண்ணில் தைக்கவில்லை, காதில் தைத்தது. திருவருட்பாவில் தோய்ந்த அவர் அச்சொல்லை ஏட்டில் எத்தனையோ முறை கடந்திருப்பார். வாய்விட்டுப் பாடிய பொழுதுதான் அதன் வேற்றொலி அவரைத் தடுத்து நிறுத்தியது. மற்றொன்று, அடிகளார் வள்ளலாரின் பாட்டில் கைவைக்கவில்லை. அவர் தம் பெயரை மாற்றினார். ‘ஞானசாகரம்’ என்னும் தம் இதழை ‘அறிவுக்கடல்’ ஆக்கினார். சமரச சன்மார்க்க நிலையத்தைப் பொதுநிலைக் கழகம் ஆக்கினார். தம் பழைய நூல்களின் பிற்பதிப்புகளில் வடசொற்களைத் தேடித்தேடிக் களைந்தார். வள்ளலாரின் பாட்டிலோ ‘தேகம்’ இன்றும் தேகமாகவே நிற்கின்றது.

இவ்விரண்டு செய்திகளையும் கையிற் பிடித்துக்கொண்டுதான் இன்றைய பொருளுக்குள் நுழைய வேண்டும். பொருள் இதுதான்: பழம்புதினங்களை வாய்விட்டுப் படித்து, ஒலிப்பதிவு செய்து, விலையின்றி உலகுக்கு வழங்கும் தொண்டு. ஒலிநூல் தொண்டு என்று அதனைச் சுருங்கச் சொல்லலாம்.

எடிசன் என்பார் ஒலிப்பதிவுக் கருவியை 1877இல் உருவாக்கினார். அடுத்த ஆண்டே, அக்கருவியால் விளையக்கூடிய பயன்களை வரிசையிட்டு ஒரு கட்டுரை எழுதினார். பாட்டுக் கேட்பது அதன் தலையாய பயனாக அவர்க்குத் தோன்றவில்லை. பார்வையற்றோர்க்குப் பேசும் நூல்கள் என்பது அவ்வரிசையின் தொடக்கத்திலேயே இடம்பெற்றது. ஆனால் அன்றைய கருவியில் ஒருசில நிமையத்துக்கு மேல் பதிய இயலாது. ஒரு புதினத்தை எங்ஙனம் அடக்குவது? ஏறத்தாழ அறுபதாண்டுகள் கழிந்தபின், 1935இல், இங்கிலாந்தில் அது கைகூடியது. முதல் உலகப்போரில் கண்ணிழந்து, அகவை கடந்தபின் புடையெழுத்தைத் தடவிப் படிக்கக் கற்க இயலாது போன வீரர் பலர் அங்கு இருந்தனர். அவர்களை முன்னிட்டு, ஒரு பக்கத்தில் 25 நிமையம் ஓடும் இசைத்தட்டுகளில் நூல்களைப் பதிந்தனர். முதலிற் பதிந்தவற்றுள் அகதா கிறித்தியின் துப்பறியும் புதினம் ஒன்று. யோசப்பு கான்ராடு எழுதிய கடற்கதை ஒன்று. மறைநூலையோ அறநூலையோ மட்டும் கொடுத்துக் ‘குருடர்க்கு இது போதும்’ என்று அவர்கள் இருந்துவிடவில்லை என்பதைக் கருதுக! கண்ணுள்ளவன் எதை விரும்பிப் படிக்கிறானோ அதையே கண்ணில்லாதவன் கையிலும் கொடுத்தார்கள்.

அதே கான்ராடின் பெயர் எழுபதாண்டுகள் கழித்து மறுபடியும் வருகின்றது. 2005ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில், கனடாவின் மாண்ட்ரியல் நகரத்து இயூ மெக்குவயர் என்பார் இணையத்தின் வழியே ஓர் அழைப்பு விடுத்தார். கான்ராடின் ஒற்றர் கதை ஒன்றை ஆளுக்கோர் இயலாகப் படித்துப் பதியலாம், வருவோர் வருக என்றார். பலர் வந்தனர். ‘இலிப்ரிவாக்சு’ என்னும் அமைப்பு அவ்வாறு பிறந்தது. இன்று அதன் பட்டியலில் ஏறத்தாழ 20,000 ஒலிநூல்கள் உள்ளன. ஊதியம் பெறுவோர் இல்லை. விலை கொடுப்போர் இல்லை. பதிந்த குரலுக்குக்கூட உரிமை கோருவோர் இல்லை. (கான்ராடு போலந்து இனத்தவர், ஆங்கிலத்தை இருபது அகவைக்கு மேற்கற்றவர். அயலார் ஒருவர் எழுதிய ஆங்கிலத்தையும் தம் உடைமையாகப் போற்றும் ஆங்கிலேயரின் மொழிப்பற்றைத் தமிழர் எண்ணிப் பார்க்கலாம்.)

அவ்வமைப்பின் வேலைமுறை எளியது. ஒருவர் நூலைப் பொறுப்பேற்கிறார். பலர் இயல்களைப் பகிர்ந்துகொள்கின்றனர். ஒவ்வொரு பதிவையும் வேறொருவர் முழுவதும் கேட்கிறார். விட்டுப்போன சொல், இருமுறை படித்த தொடர், இடையில் குரைத்த நாய், எல்லாவற்றையும் குறித்து அனுப்புகிறார். படித்தவர் திருத்திக் கொடுக்கிறார். இவர்க்கு ஒத்துக்கேட்போர் என்று பெயரிடலாம். ஏட்டுச்சுவடிக் காலத்தில் ஒருவர் படிக்க மற்றொருவர் மூலத்தோடு ஒத்துப்பார்த்த வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று.

அப்பட்டியலில் தமிழின் இடம் எது? சொல்ல நாணமாயிருக்கின்றது. பெரும்பகுதி ஆங்கிலம், தமிழ் நூல்கள் மிகச் சில. எழுத்துவடிவில் இத்துணை வறுமை இல்லை. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழும் கல்யாணசுந்தரம் அவர்களின் முயற்சியால் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகின் பல மூலைகளிலிருந்து தமிழ்த் தொண்டர்கள் ஒன்றுகூடிப் பல நூறு நூல்களைத் தட்டெழுதி இணையத்தில் ஏற்றிவிட்டனர். கை உழைத்த அளவுக்கு வாய் உழைக்கவில்லை! விலைக்கு விற்கும் ஒலிநூல்கள் இருக்கின்றன. பொன்னியின் செல்வனைப் பம்பாய்க் கண்ணன் குழுவினர் பல குரல்களைக் கொண்டு நாடகம்போலச் செய்தளித்தது நல்ல முயற்சியே. வாங்க வல்லார் வாங்கிக் கேட்கட்டும். வாங்க இயலாதவர்க்கு வழி வேண்டுமல்லவா?

2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறையுடையோர் ஏறத்தாழ 50 இலக்கம்; தமிழ்நாட்டில் மட்டும் ஓர் இலக்கத்துக்கு மேல். அவர்களோடு நிற்பதன்று கணக்கு. கண்ணிருந்தும் எழுத்தறியாத முதியோர். எழுத்தறிந்தும் கண்மங்கிப் போனோர். அயல்நாட்டிற் பிறந்து, தமிழைக் கேட்டால் விளங்கிக்கொண்டு, பார்த்தால் படிக்கத் தெரியாத பிள்ளைகள். இவர்கள் எல்லார்க்கும் தமிழ் காதுவழியாகத்தான் போக முடியும். வள்ளுவர் கல்வியையும் கல்லாமையையும் சொல்லிமுடித்த கையோடு கேள்விக்கென்று தனி அதிகாரம் வகுத்தாரே, கல்லாதவனும் கேட்டுத் தேறலாம் என்றாரே, அது யாருக்காக?

இவ்வூரில் அதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 1867ஆம் ஆண்டு மேத்திங்களில் மூட்டிய அடுப்பு இங்கு இன்னும் எரிந்துகொண்டிருக்கின்றது. பார்வதிபுரத்து மக்கள் ஏறத்தாழ 80 காணி நிலத்தை மனமுவந்து கொடுக்க, அந்நிலத்தில் எழுந்த தருமச்சாலை அது. வந்தவன் யார், எவ்வூரான், எச்சாதியான் என்று கேளாமல் இலை போடுகிறார்கள். வயிற்றுக்கு அப்படியொரு சாலை கண்ட ஊரில் செவிக்கு ஒரு சாலை காண்பது தகும் என்பதே இன்றைய வேண்டுகோள்.

வள்ளலாரின் இளமையிலும் இத்தொண்டோடு நேரே தொடர்புடைய ஒரு நிகழ்ச்சி உண்டு. தமையனார் சபாபதி புராணச் சொற்பொழிவாளர். அக்காலத்துச் சொற்பொழிவில் இருவர் அமர்வர்: ஒருவர் ஏட்டிலுள்ள பாடலைப் படிப்பார்; மற்றவர் பொருள் விரிப்பார். படிப்பவர்க்குக் கையேடு படிப்போர் என்று பெயர். சிறுவர் இராமலிங்கம் தமையனார்க்குக் கையேடு படித்தவர். தமையனார் நோயுற்ற நாளொன்றில் அவர்க்கு மாற்றாகச் சென்று, பெரியபுராணத்தைத் தாமே விரித்துரைத்துக் கேட்டோரை வியக்க வைத்தார் என்பதை அவர் வரலாறு கூறும். பொருள் விரிப்பவர்க்கு உரிமை மிகுதி. மேற்கோள் சொல்லலாம், மறுக்கலாம், கிளைக்கதை கூறலாம். கையேடு படிப்பவர்க்கு அவ்வுரிமை இல்லை. ஏட்டில் என்ன இருக்கிறதோ அதையே அவர் படித்தாக வேண்டும்.

ஒலிநூல் தொண்டர் கையேடு படிப்பவர். இந்த ஒன்றை மனத்தில் இருத்தினால் அடுத்து வரும் சிக்கலுக்கு விடை எளிதாகும்.

சிக்கல் என்ன? தனித்தமிழ்ப் பற்றுடைய ஓர் இளைஞர் ஒலிவாங்கியின் முன் அமர்கிறார். கையில் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம். 1879இல் அச்சேறிய முதல் தமிழ்ப் புதினம். தலைப்பிலேயே வடசொல் இருக்கின்றது! பக்கத்தைத் திறந்தால் தொடருக்கு நான்கு வடசொல் குதிக்கின்றன. இளைஞரின் நெஞ்சு கொதிக்கின்றது. சரித்திரம் என்பதை வரலாறு என்றும், சந்தோசம் என்பதை மகிழ்ச்சி என்றும் படித்துவிட்டால் என்ன? கேட்கும் பிள்ளை தூயதமிழ் கேட்குமே! பொருள் மாறவில்லையே! கலப்புத் தமிழைத் தன் வாயாலேயே பரப்புவதா தமிழ்த்தொண்டு?

இது புறந்தள்ளத்தக்க வினா அன்று. நேர்மையான உள்ளத்தில் பிறக்கும் வினா. ஆயினும் விடை, மாற்றக்கூடாது என்பதுதான். ஓர் எழுத்தும் மாற்றக்கூடாது.

கண்ணுள்ளவன் ஒரு நூலைக் கேட்டு ஐயுற்றால், பக்கத்தைப் புரட்டி ஒத்துப்பார்ப்பான். கண்ணில்லாதவர் எங்கே போய் ஒத்துப்பார்ப்பார்? படிப்பவரின் குரலே அவர்க்கு ஏடு. படிப்பவரின் நாணயமே அவர்க்கு அச்சு. ‘இது வேதநாயகர் எழுதிய நூல்’ என்று சொல்லித் தொடங்கி, வேதநாயகர் எழுதாத சொல்லைப் படித்தால், நம்பி வந்தவரின் இலையில் மறைவாக வேறொன்றைப் பரிமாறியதாகும். பரிமாறியது நல்லுணவே ஆகட்டும். கேளாமற் செய்தது வஞ்சனையே. அன்றியும், ‘உனக்கு எது நல்லது என்று எனக்குத் தெரியும்’ என்று ஊனமுற்றோர்க்கு மற்றையோர் காலமெல்லாம் முடிவுசெய்து வந்த கொடுமையின் இன்னொரு கிளைதான் இது.

இன்னொரு முகத்தையும் பாருங்கள். தமிழர் கையில் இந்த உரிமை இருக்குமானால் தமிழுக்கு மாறானவர் கையிலும் அது இருக்கும். மறைமலையடிகளின் கோகிலாம்பாள் கடிதங்கள் 1921இல் வெளிவந்த புதினம். அதை ஒருவர் எடுத்து, ‘இத்தமிழ் பொதுமக்களுக்கு விளங்காது’ என்று சொல்லி, வடசொற்களைப் பெய்து படித்துப் பதிந்தால் தமிழன்பர் பொறுப்பரோ? அன்று எந்த வாயால் தடுப்பது?

வேதநாயகரை மேலும் அறிந்துகொள்ள வேண்டும். அவர் 1826இல் பிறந்தவர். வள்ளலாரினும் மூன்றாண்டு இளையவர். மாயூரத்தில் முன்சீபாக இருந்தவர். அறமன்றத் தீர்ப்புகளைத் தமிழர் தமிழிலேயே அறிய வேண்டும் என்று, உயர்மன்றத் தீர்ப்புகளைத் திரட்டித் தமிழிற் பெயர்த்தவர். தாதுவருடப் பெரும்பஞ்சத்தில் தம் பொருளை வாரி வழங்கியவர். அவர் தம் புதினத்தின் கதையினிடையே, தாய்மொழி கல்லாதாரை இடித்துரைத்து, வழக்குமன்றம் தமிழில் நடக்க வேண்டும் என்று வாதாடுகிறார். எந்தக் காலத்தில்? தனித்தமிழ் என்னும் பெயர் பிறப்பதற்கு முப்பத்தேழு ஆண்டுகள் முன்னர்! எந்த நடையில்? வடசொல் மிக்க மணிக்கலவை நடையில்! தமிழுக்காக வாதாடிய ஒருவர்க்கே அந்நாளில் தமிழ்ச்சொல் கைக்கு எட்டாது போயிருந்தது என்பதைக் காட்ட இதனினும் பெரிய சான்று வேண்டுமா? அச்சொற்களைத் துடைத்துவிட்டால் துடைபடுவது அழுக்கன்று, சான்றே துடைபடும். அதைக் கேட்கும் பிள்ளை, தமிழ் என்றும் இப்படியே தூயதாக இருந்தது போலும் என்று எண்ணும். அடிகளார் பட்ட பாடு எதற்கு என்றே அதற்கு விளங்காது.

இவ்வூர்க்காரர் அறிந்த எடுத்துக்காட்டு வேறொன்றும் உண்டு. திருவருட்பாவை ஆ. பாலகிருட்டிண பிள்ளை 1931 முதல் 1958 வரை 12 பகுதிகளாகப் பதிப்பித்தார். வடலூரில் வாழ்ந்த ஊரன் அடிகள் 1972இல் கால முறைப்படி வகுத்துப் பதிப்பித்தார். இவ்விருவரும் மூலத்தின் ஒவ்வோர் எழுத்துக்கும் பட்ட உழைப்பைப் பதிப்புகளே காட்டும். ஏட்டுக்கு அத்தகைய நேர்மை வேண்டுமென்றால் குரலுக்கு மட்டும் வேண்டாமோ?

அவ்வாறாயின் தனித்தமிழன்பர்க்கு இத்தொண்டில் தனி வேலையே இல்லையா? உண்டு, மற்றெவரினும் மிகுதியாக உண்டு. அது சொல்லில் இல்லை, ஒலியில் இருக்கின்றது. அடிகளாரின் காது வேலைசெய்ய வேண்டிய இடம் அது.

ழகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தெற்கே ‘வாளைப்பளம்’, சென்னைப் பக்கம் ‘வாயப்பயம்’. தொல்காப்பியர் பிறப்பியலில் நாவின் எப்பகுதி எவ்விடத்தில் பொருந்தி எவ்வெழுத்துப் பிறக்கும் என்று வகுத்துக் காட்டியிருக்க, ‘தமிழ்’ என்னும் பெயரைச் சொல்லத் தெரியாதவர் தமிழ் மேடைகளிலேயே இருக்கின்றனர்! லகர ளகரம், ரகர றகரம், னகர ணகரம் இவற்றின் வேறுபாட்டை எழுத்திற் காப்பவர் பலர். வாயிற் காப்பவர் சிலர். அச்சில் வெளிவந்த நூல் இவ்வழுவை மறைத்துக்கொள்ளும். ஒலிநூலில் மறைக்க இயலாது. ‘அவன் மனம் குளம்பியது’ என்று ஒருவர் படித்தால், கேட்பவர் மனக்கண்ணில் குளமும் குளம்பும் தோன்றுமேயன்றிக் குழப்பம் தோன்றாது.

வல்லெழுத்துகளோ இன்னும் நுட்பமானவை. ககரம் ஒன்றுதான், ‘கடல்’ என்பதில் ஒருவகையாகவும், ‘தங்கம்’ என்பதில் ஒருவகையாகவும், ‘பகல்’ என்பதில் ஒருவகையாகவும், ‘அக்கா’ என்பதில் ஒருவகையாகவும் ஒலிக்கின்றது. இடம் நோக்கி ஒலி தானே மாறும் இவ்வொழுங்கைத் தாய்மடியிற் கற்றவர் எண்ணாமலே கடைப்பிடிப்பர். ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற பிள்ளைகள் இன்று இதில் தடுமாறுகின்றனர். இயந்திரக் குரல்கள் இப்போது தமிழைப் படிக்கின்றன. பார்வையற்றோர் பலர் அவற்றின் துணையால் செய்தியும் மடலும் படிக்கின்றனர். அவை நாளுக்குநாள் திருந்தியும் வருகின்றன. அக்குரல்களும் மாந்தர் படித்த பதிவுகளைக் கேட்டே கற்கின்றன. பிழைபட்ட வாயிலிருந்து கற்றால் பிழையைத்தான் கற்கும். ஆகவே இன்று செப்பமாகப் படிக்கும் ஒரு வாய் நாளை ஆயிரம் கருவிகளுக்கு ஆசிரியர் ஆகக்கூடும்.

அப்படியானால் நூலில் வரும் வடசொல்லை எங்ஙனம் ஒலிப்பது? ஆசிரியர் தமிழெழுத்தில் ‘தேகம்’ என்று எழுதியிருந்தால் தமிழ் முறைப்படி அதனை ஒலிப்பதே முறை. வடமொழிப் பலுக்கலை வலிந்து கொண்டுவரத் தேவையில்லை. அவர் கிரந்த எழுத்திட்டு எழுதியிருந்தால் அவ்வெழுத்தின் ஒலியை அவ்வாறே கொடுத்துவிட வேண்டும். அச்சில் உள்ளதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை.

உரையாடல் வரும் இடங்களிலும் இதே நேர்மை வேண்டும். இராசம் ஐயரின் கமலாம்பாள் சரித்திரம் 1893ஆம் ஆண்டு முதல் விவேக சிந்தாமணி இதழில் தொடராக வந்தது. மதுரைப் பக்கத்துச் சிறுகுளம் என்னும் சிற்றூரின் பேச்சு அதில் உயிரோடு நிற்கின்றது. பார்ப்பனர் இல்லத்துப் பேச்சும் நிற்கின்றது. அதை நையாண்டியாக இழுத்துப் படிப்பது சிறுமை. செந்தமிழாக நேர்செய்து படிப்பது பொய்ம்மை. எழுதியவர் இருபத்தாறு அகவைக்குள் மறைந்த இளைஞர். அவர் காதாற் கேட்டு எழுதியதை நாவாற் கெடுக்காதிருப்பதே அவர்க்குச் செய்யும் மதிப்பு.

வடசொல்லுக்குத் தமிழ்ச்சொல் காட்டியே தீர வேண்டும் என்னும் ஆர்வம் அடங்கவில்லையா? அதற்கும் வழியுண்டு. இயல் முழுவதும் முடிந்தபின், ‘நூல் இங்கு முடிந்தது, இனி வருவது படித்தவரின் குறிப்பு’ என்று வெளிப்படச் சொல்லி, அருஞ்சொற் பொருளாகத் தனியே ஒரு பதிவு செய்யலாம். கேட்க விரும்புவோர் கேட்பர். கையேடு படித்தவர் அப்போது பொருள் விரிப்பவராக இடம் மாறி அமர்கிறார். மாறினார் என்பதும் கேட்போர்க்குத் தெரிகின்றது.

சட்டத்தைப் பற்றியும் சுருங்கச் சொல்லிவிட வேண்டும். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்தால் நூல் பொதுவுடைமை. மறைமலையடிகள் 1950இல் மறைந்தார். அவர் நூல்கள் 2011 முதல் தடையற்றவை. கல்கியின் நூல்களை அரசே நாட்டுடைமை ஆக்கிவிட்டது. இலிப்ரிவாக்சு அமெரிக்கச் சட்டத்துக்கு உட்பட்டதாகையால், வெளிவந்து 95 ஆண்டுகள் கடந்த நூல்களே அங்கு ஏறும். வேதநாயகர், இராசம் ஐயர், 1898இல் பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையா, அடிகளார் ஆகியோர்க்கு அங்கு இடமுண்டு. பிற்பட்ட நூல்களை வேறிடத்தில் வைக்கலாம். உரிமை தீராத நூலையும், ஊனமுற்றோர்க்கென, ஊதியம் கருதாது, அவர்கள் பயன்படுத்தும் வடிவில் ஆக்கிக் கொடுக்க 2012ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் வழிவிடுகின்றது. உலக நாடுகள் இதன்பொருட்டு 2013இல் மராக்கேசு நகரில் செய்த உடன்படிக்கையை 2014இல் முதன்முதலாக ஏற்றுறுதி செய்த நாடு இந்தியா. சட்டம் முந்திக்கொண்டது, செயல்தான் பிந்திநிற்கின்றது.

இனி, இவ்வூரில் எங்கே, எப்படித் தொடங்குவது?

அருகிலேயே நெய்வேலி இருக்கின்றது. 1956இல் நிறுவனமும் 1957இல் சுரங்கமும் தொடங்கியபின், தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் மக்கள் வந்து குடியேறிய நகரியம். நெல்லைக்காரரும் கோவைக்காரரும் ஆர்க்காட்டாரும் ஒரே வட்டத்தில் அடுத்தடுத்த வீட்டில் வாழ்கின்றனர். ஒருவர் ழகரத்தில் வழுவினால் அடுத்த வீட்டார் காது கண்டுபிடித்துவிடும்! ஒத்துக்கேட்போர் குழுவுக்கு இதனினும் ஏற்ற ஊர் வேறில்லை. 1998இல் புத்தகக் கண்காட்சி தொடங்கி, ஆண்டுதோறும் நூல் வாங்கிப் பழகிய மக்கள் அவர்கள். பணி ஓய்வு பெற்றோர் மிகுதி. குரலும் நேரமும் அவர்களிடம் இருக்கின்றன.

கருவிக்குப் பெருஞ்செலவு இல்லை. ஓரளவு நல்ல ஒலிவாங்கியும், வீட்டிலிருக்கும் கணிப்பொறியும், விலையின்றிக் கிடைக்கும் ஒலிப்பதிவு மென்பொருளும் போதும். செலவு பிடிப்பது அமைதிதான். மின்விசிறியை நிறுத்த வேண்டும். வெற்றுச் சுவர் குரலை எதிரொலிக்கும். துணியடுக்கிய அறையோ, கம்பளி தொங்கவிட்ட மூலையோ நல்லது. ஒலிவாங்கி வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில், சற்றே ஒருக்களித்து இருக்க வேண்டும். நேரே வைத்தால் பகரத்தின் காற்று அதில் மோதும். தவறிப் படித்தால் அத்தொடரின் தலைப்பிலிருந்து மறுபடி படிக்க வேண்டும். ஒருமுறை கைதட்டிவிட்டுப் படித்தால், பிறகு வெட்டவேண்டிய இடம் கணிப்பொறித் திரையில் முள்போல் துருத்திக்கொண்டு நிற்கும். ஒரு மணிநேர ஒலிநூலுக்குப் படித்தல், திருத்தல், ஒத்துக்கேட்டல் எல்லாம் சேர்ந்து மூன்று நான்கு மணிநேரம் ஆகும் என்று கணக்கிட்டுக்கொள்க. தைப்பூசத்தையொட்டிய நாள்களில் வடலூரில் யாரும் ஒலிவாங்கியைத் தொடவே வேண்டா!

எந்நூலை முதலில் எடுப்பது? பொன்னியின் செல்வன் என்று பலர் ஆர்ப்பரிப்பர். ஐந்து பாகம், 293 இயல்கள். ஒருவரே கிழமைக்கோர் இயல் படித்தால் ஐந்தரை ஆண்டுக்கு மேலாகும். பலர் கூடினாலும் முதல் முயற்சிக்கு அது மலை. சிறிய நூலில் தொடங்குவதே அறிவுடைமை. அடிகளார் எழுதிய கோகிலாம்பாள் கடிதங்கள் இருக்கின்றது. ஒரு பெண் எழுதும் மடல்களாகவே அமைந்த கதை. ஆகவே ஒரு பெண்ணின் குரலே அதற்குப் பொருந்தும். குமுதவல்லி இருக்கின்றது, இரெய்னால்ட்சு என்னும் ஆங்கிலேயர் கதையின் தழுவல். தழுவல் என்று சொல்லிப் படிப்பதில் இழுக்கு ஒன்றுமில்லை. தனித்தமிழ்த் தந்தை புதினம் எழுதினார் என்பதையே அறியாத தமிழாசிரியர்கள் நாட்டில் இருக்கின்றனர், அவர்களும் கேட்கட்டும்.

அடிகளாரின் நூல்களில் ஒரு விழிப்பு வேண்டும். பிற்பதிப்புகளில் அவரே சொற்களை மாற்றியவராகையால், எந்தப் பதிப்பைப் படிப்பது என்று முன்னரே உறுதிசெய்து, குழுவினர் அனைவரும் அந்த ஒரே பதிப்பைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் ஓர் இயலில் பழஞ்சொல்லும் அடுத்த இயலில் புதுச்சொல்லுமாகக் கேட்போர் குழம்புவர்.

ஒவ்வோர் இயலின் தலைப்பிலும் நூலின் பெயர், ஆசிரியர் பெயர், பதிப்பின் ஆண்டு, இயலின் எண், படிப்பவர் பெயர், இவ்வைந்தையும் சொல்ல வேண்டும். படித்து முடித்ததும் கருவியை உடனே நிறுத்தாமல் ஐந்து நொடி அமைதி விட வேண்டும். அடுத்த இயலை அடுத்த வீட்டார் தொடங்குவார்.